காதம்மாவின் நாற்காலி

ஆலையில் அவளைக் காதம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மாவும் அப்பாவும் ஆசையாக வைத்த பெயர் வீட்டோடு நின்றுபோயிற்று. வாசல் காவலாளியிலிருந்து மேலாளர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் காதம்மாதான். மாமியார்கூட அக்கம்பக்கத்தில் அதைச் சொல்லித்தான் பீற்றிக்கொள்வாள்.

"எங்க மருமக காதை வச்சுத்தான் அந்தக் கம்பெனியே ஓடுது. வீட்டுல நான் கூப்பிட்டா மட்டும் அந்தக் காது லீவு போட்டுடும்."

மாமியார் வேடிக்கையாகத்தான் சொன்னாள். மருமகளால்தான் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அது ஈயக் கண்ணாடி ஆலை. மணலோடு ஈயத்தைச் சேர்த்து உருக்கினால் கண்ணாடிக்குத் தனிக் கனமும் தனி ஒளியும் வந்துவிடும். பழைய ஆட்கள் அதைப் பிளின்ட் என்பார்கள். உள்ளே போன வெளிச்சம் அதிலிருந்து சும்மா வெளியே வராது, வானவில்லாகச் சிதறிக்கொண்டுதான் வரும். விருந்து மேஜைக் கோப்பைகள், சரவிளக்குத் தொங்கட்டான்கள், லென்ஸ் செய்கிறவர்களுக்கான வில்லைகள், ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறைகளின் ஜன்னலுக்கு விரல் தடிமனில் பலகைகள் என்று பலதும் அங்கே வார்க்கப்பட்டன.

இவற்றில் கோப்பைக்கு மட்டும் குரல் உண்டு. விளிம்பில் மெதுவாகத் தட்டினால் 'ணங்' என்று தொடங்கி, இழை இழையாக மெலிந்து, இதோ முடிந்தது என்று நினைக்கும்போது இன்னும் கொஞ்சம் மிச்சம் வைத்து, பிறகுதான் அடங்கும். ஆனால் அதே கோப்பையில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் ஒன்று இருந்தால் போதும், 'டொக்'கென்று வாயை மூடிக்கொள்ளும். அப்படிப்பட்ட கோப்பையை ஆலையில் ஊமை என்பார்கள்.

ஊமையைப் பிடிப்பதுதான் காதம்மாவின் வேலை. வெட்டுக் கூடத்தில் கல் சக்கரத்தில் வைத்துப் பூவேலை வெட்டிய கோப்பைகள் தட்டுத்தட்டாக அவள் மேஜைக்கு வரும். வெட்டின இடமெல்லாம் சாம்பல் பூத்த மாதிரி மங்கலாக இருக்கும். பிறகு அமில அறையில் கூடையோடு தொட்டிக்குள் முக்கி எடுத்தால்தான் அந்த வெட்டுக்கள் கண்ணைப் பறிக்கும். ஊமை ஒன்று தவறிப்போய் அமிலத்துக்குள் போனால் விரிசல் வாய்விட்டுத் தெறித்துவிடும். அதனால்தான் வெட்டுக் கூடத்துக்கும் அமில அறைக்கும் நடுவில் ஒரு சின்ன அறை கட்டி, அதில் ஒரு நாற்காலி போட்டு, நுனியில் மரக்குண்டு வைத்த குச்சி ஒன்றைக் கொடுத்து அவளை உட்கார்த்தி வைத்திருந்தார்கள்.

கோப்பை கழுவுகிற பெண்ணாகத்தான் அவள் ஆலைக்குள் வந்தாள். கழுவும்போது இரண்டு கோப்பைகள் இடித்துக்கொண்ட சத்தத்தை வைத்தே, திரும்பிப் பார்க்காமல், "இதுல ஒண்ணு ஊமை" என்று சொன்னவள். ஈரக் கையோடு நின்றவளை அந்த நாற்காலிதான் நாலு பேர் மதிக்கும் ஆளாக்கியது. புருஷனைக் கொடுத்ததும் அதுதான்.

வெட்டுக் கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த அவன், தன் கையால் வெட்டிய முதல் கோப்பையைப் பயபக்தியோடு கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான். அவள் தட்டிவிட்டு, "இது ஊமை, எடுத்துட்டுப் போங்க" என்றாள்.

"பரவாயில்லைங்க," என்றான் அவன். "நானும் அப்படித்தான் நிக்கிறேன், உள்ளே வந்ததுலேர்ந்து."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு வட்டியும் முதலுமாகக் கல்யாணத்தில் போய் முடிந்தது. கல்யாணத்துக்கு அவனே வெட்டிக் கொடுத்த ஜோடிக் கோப்பை இன்னும் சமையலறை அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. அவள் தட்டிப் பார்த்து, இரண்டும் நல்லது என்று சொன்ன பிறகுதான் வீட்டுக்கு வந்தது.

அப்படிப்பட்ட காதுதான் போன மழைக்காலத்தில் அவளைக் கைவிட்டது.

ஒரேயடியாகப் போகவில்லை. பேச்சு கேட்டது, பஸ் இரைச்சல் கேட்டது, மாமியாரின் முணுமுணுப்புகூடப் பாதி கேட்டது. மெல்லிசாக, உச்சியில் கேட்கிற சத்தங்கள் மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டன. முதலில் காலையில் ஜன்னலோரம் கத்துகிற குருவி. அப்புறம் குக்கர் விசில். ஒரு நாள் கோப்பையைத் தட்டினாள்; மரக்குண்டு கண்ணாடியைத் தொட்ட 'டொக்' மட்டும் கேட்டது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. ஊமை என்று ஒதுக்கினாள். அடுத்ததும் ஊமை. அதற்கடுத்ததும் ஊமை. தட்டு முழுக்க ஊமையாக இருக்க முடியாது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. டாக்டரிடம்கூடப் போகவில்லை. போனால் சீட்டில் எழுதிவிடுவார், எழுதினால் நாற்காலி போய்விடும். கோப்பையின் காம்பை இரண்டு விரல் நுனியில் பிடித்துக்கொண்டு தட்டினால் உள்ளே ஓடுகிற அதிர்வு விரலுக்குத் தெரிந்தது. நல்ல கோப்பையில் அது எறும்பு ஊர்வதுபோலக் கொஞ்ச நேரம் ஓடும்; ஊமையென்றால் சட்டென்று செத்துவிடும் என்று கணக்குப் போட்டுக்கொண்டாள். சந்தேகம் வந்தால் மேஜை விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்ப்பாள். மாதங்கள் ஓடின. ஊமை ஒன்றும் விரலில் சிக்கவில்லை; வெட்டுகிறவர்கள் கை தேறிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். அமில அறையிலிருந்தும் ஒரு புகார்கூட வரவில்லை. காது போனால் என்ன, விரல் வந்துவிட்டது என்று அவள் தைரியமானாள்.

அதே மாதங்களில்தான் வீட்டில் வேறு வினை முளைத்தது.

மணி அடித்ததும் அவளோடு சேர்ந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவன் தாமதமாக வரத் தொடங்கினான். கேட்டால் வேலை என்பான். அதோடு அவன் பேசுகிற விதமும் மாறியிருந்தது. முன்பெல்லாம் செருப்பைக் கழற்றும்போதே எதையாவது சொல்லிக்கொண்டு வருகிறவன், இப்போது சமையலறை வரைக்கும் வந்து, அவள் முகத்துக்கு நேரே நின்று, நிறுத்தி நிறுத்திப் பேசினான். தப்புப் பண்ணுகிறவன்தான் இப்படி எதிரே வந்து குழைவான் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதற்குத் தண்ணீர் ஊற்ற ஆலையில் ரேடியோ அக்கா இருந்தாள். பேக்கிங் பகுதியில் அட்டைப் பெட்டி கட்டுகிறவள். அவள் காதில் விழுந்தால் ஊர் காதில் விழுந்த மாதிரி.

"உன் வீட்டுக்காரர் எல்லாரும் போனப்புறம் கூடத்துல லைட்டைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்காராமே. எங்க செக்‌ஷன்ல அந்தச் சிரிப்பழகி இருக்காளே, அவளும் கடைசி பஸ்ஸுக்குத்தான் போறா. நான் ஒண்ணும் சொல்லலம்மா. கண்ணுல பட்டதைச் சொன்னேன்."

சிரிப்பழகி என்று அவர்கள் சொன்ன பெண் எதற்கெடுத்தாலும் சிரிப்பாள். அதைத் தவிர அவள்மேல் யாரும் ஒரு குறை சொன்னதில்லை. ஆனால் காதம்மாவுக்கு அந்த ஒன்றே போதுமாக இருந்தது. தூரத்தில் அவள் வாய் சிரிப்பதும், கோப்பை ட்ராலியைத் தன் மேஜைக்குத் தள்ளிவரும் வழியில் நிற்கும் புருஷன் வாய் அசைவதும் தெரிந்தது. என்ன பேசுகிறார்கள் என்று மட்டும் கேட்கவில்லை. கேட்காத பேச்சையெல்லாம் அவளே இட்டுக்கட்டிக்கொண்டாள்.

வீட்டில் சண்டை மூண்டது. அவன் மறுத்தான், ஆனால் தாமதத்துக்குக் காரணம் சொல்லவில்லை. மாமியார் யார் பக்கம் பேசுவது என்று தெரியாமல் இரண்டு பேரையும் திட்டினாள். சாப்பாடு ஆறியது, படுக்கை இரண்டானது. கடைசியில் காதம்மா ஆலை போர்மேனிடம் போய், அவரை வெட்டுக் கூடத்தை விட்டு மாற்றிவிடுங்கள் சார், கண்ணெதிரில் வைத்துக்கொண்டு என்னால் வேலை பார்க்க முடியவில்லை என்று கேட்டாள். போர்மேன் யோசித்துவிட்டு, இப்போதைக்கு ஆள் தேவை அமில அறையில்தான் என்றார். அமில அறை என்றால் யாரும் விரும்பிப் போகிற இடம் இல்லை. அவள் ஒரு மூச்சு நேரம் தயங்கினாள்.

"போடுங்க சார்," என்றாள்.

யார் சொல்லி மாற்றினார்கள் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. இருந்தும் வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அவள் எதிரே வந்து நின்று ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"நாளையிலேர்ந்து உன் மேஜைக்கு ட்ராலியை யார் தள்ளிட்டு வருவா?"

"ஏன், போற வழியில சிரிப்பைப் பாக்க முடியாதுன்னு கவலையா?"

அவன் திரும்பிக் கை கழுவப் போய்விட்டான்.

அடுத்த வாரம் அமில அறையில் கூடைக்குள் கண்ணாடி வெடித்தது. தொட்டியிலிருந்து தூக்கும்போது ஒரு கோப்பை இரண்டாகப் பிளந்து பாதி திரும்ப அமிலத்தில் விழுந்ததாம். தெறித்தது அவனுடைய கையுறைக்கும் சட்டைக் கைக்கும் நடுவே இறங்கியிருக்கிறது. தண்ணீரில் கழுவிவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்லி வேலையைத் தொடர்ந்திருக்கிறான். அந்த அமிலம் அப்படித்தான், தொட்டவுடன் கத்தாது. சாயங்காலம் வலி மணிக்கட்டிலிருந்து விரல் வரைக்கும் குடைந்தபோது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ரேடியோ அக்கா ஓடிவந்து சொன்னபோது அவளுக்குப் பாதிதான் கேட்டது. மீதியை அந்த முகம் சொன்னது.

அவன் கையில் மருந்து பூசிக் கட்டுப் போட்ட டாக்டர், இந்த அமிலம் எலும்பைத் தேடிப் போகும், படம் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார். எக்ஸ்ரே அறையில் அவனை மேஜை ஓரமாக உட்கார வைத்துக் கையை நீட்டச் சொன்னார்கள். படமெடுக்கும் பெண் இவளைப் பார்த்து, உள்ளே நிற்கக் கூடாது, என்னோடு வாருங்கள் என்று தடுப்புக்குப் பின்னால் அழைத்துப் போனாள். அங்கே ஒரு ஜன்னல். லேசாக மஞ்சள் பாரித்த, கனத்த கண்ணாடி. எந்த ஆலையில் வார்த்ததோ, இனம் அவளுக்குத் தெரியாதா? அவள் தன்னையறியாமல் நகத்தால் ஓரத்தைத் தட்டினாள். சட்டத்துக்குள் இறுக்கி வைத்த கண்ணாடிக்கு ஏது குரல்?

அந்தப் பக்கம் அவன் தலையைத் திருப்பி இவளைத் தேடினான். கண்டுபிடித்ததும் வாயை அகலமாகத் திறந்து, நிறுத்தி நிறுத்தி ஏதோ சொன்னான்.

"இந்தக் கண்ணாடிக்குப் பின்னால ஒண்ணுமே கேக்காது," என்றாள் படமெடுக்கும் பெண். "என்ன சொல்றார் அவர்?"

"பயப்படாதேங்கிறார். சாப்பிட்டியான்னு கேக்கறார்."

"அட, எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?"

கேட்டவள் சாதாரணமாகக் கேட்டுவிட்டுப் பொத்தானை அழுத்தப் போய்விட்டாள். காதம்மா நின்ற இடத்தில் நின்றுபோனாள். அந்த வாய் அசைவு அவளுக்குப் புதிதில்லை. மாதக்கணக்காக வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கிற அசைவு. சமையலறை வரைக்கும் வந்து, விளக்கு வெளிச்சம் தன் முகத்தில் விழுகிற மாதிரி நின்று, நிறுத்தி நிறுத்திப் பேசியது எல்லாம் இதுதான். கேட்காதவளோடு பேசுகிற பேச்சு. அவன் எப்போதோ தெரிந்துகொண்டுவிட்டான்.

மறுநாள் காலையில் அவள் தன் அறைக்குப் போகாமல் நேரே வெட்டுக் கூடத்துக்குப் போனாள். அவன் இருந்த இடத்தில் வேறொருவர் சக்கரம் ஓட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து இருக்கையில் வெட்டுகிற பெரியவரிடம், மணி அடித்த பிறகு என் வீட்டுக்காரர் இங்கே என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டாள். அவர் சக்கரத்தை நிறுத்திவிட்டு, இதென்ன கேள்வி என்பதுபோலப் பார்த்தார்.

"தட்டிக்கிட்டிருப்பார். அவர் வெட்டினது, நாங்க வெட்டினது, எல்லாத் தட்டையும் ஒவ்வொண்ணா எடுத்துத் தட்டிப் பாத்து, ஊமையை எல்லாம் உடைசல் தொட்டியில போட்டுட்டுத்தான் மிச்சத்தை ட்ராலியில ஏத்துவார். ஏன்யா இந்த வேண்டாத வேலைன்னு கேட்டா, வீட்டுக்குப் போனா அம்மா ஒரு பக்கம் பொண்டாட்டி ஒரு பக்கம், இங்கேதான் நிம்மதியா இருக்குன்னு சொல்வார்."

"அவர் அமில அறைக்குப் போனதுக்கப்புறம்?"

"அப்புறம் யாரும் பாக்கல. அதுக்குத்தானே காதம்மா நீங்க இருக்கீங்க."

அவளுடைய விரல் ஒரு ஊமையையும் பிடித்ததில்லை. பிடிக்க அவளிடம் ஊமை வந்ததே இல்லை. விரல் நுனியில் எறும்பு ஊர்ந்ததெல்லாம், அவன் முன்னாலேயே கேட்டுவிட்டு அனுப்பிய கோப்பைகளில்தான். போன வாரத்திலிருந்து வந்தவற்றில் எத்தனை செத்த கோப்பைகளை அவள் நல்லது என்று தள்ளிவிட்டாளோ, அத்தனையும் அவன் கையால்தான் அமிலத்தில் இறங்கியிருக்கின்றன. அங்கே புகையிழுக்கும் விசிறிகளின் இரைச்சலில் அவன் தட்டிப் பார்த்தாலும் கேட்டிருக்காது. அந்த இடத்துக்கு அவனை அனுப்பியவளும் அவள்தான்.

போர்மேன் அறைக்குள் நுழைந்தபோது அவர் இரக்கத்தோடு உட்காரச் சொன்னார். உன் வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டுவிட்டார் என்றார். கூடையை அவசரப்பட்டு இறக்கினேன், என் தவறுதான் என்று ஆஸ்பத்திரியிலேயே சொல்லிவிட்டாராம். அமில அறையில் கவனக்குறைவு என்று வந்துவிட்டால் வேலையை விட்டு அனுப்புவதுதான் சட்டம், நான் என்ன செய்யட்டும் என்று கையை விரித்தார்.

"காதம்மா பாஸ் பண்ணின கண்ணாடி தானா வெடிக்குமா, சொல்லு. மேலே கேட்டா நான் அதைத்தானே சொல்லணும்."

வாயைத் திறக்காமல் எழுந்து போனால் நாற்காலி மிஞ்சும். அவள் அதையும் நினைத்துப் பார்த்தாள். அந்த அறை, அந்த விளக்கு, கோப்பையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அவள் வாயையே பார்த்து நிற்கும் வெட்டுக்காரர்கள். ஈரத் தரையில் நின்ற கால்களுக்கு அந்த நாற்காலி கொடுத்த ஓய்வு. எல்லாவற்றையும் ஒரு தடவை நினைத்துப் பார்த்துவிட்டு, வரும் வழியில் தன் மேஜையிலிருந்து எடுத்து வந்திருந்த கோப்பையையும் குச்சியையும் அவர் மேஜைமேல் வைத்தாள்.

"சார், எனக்குப் பின்னால கதவோரம் தள்ளி நின்னுக்கிட்டு இதை மெதுவாத் தட்டுங்க. தட்டினதும் நான் கையைத் தூக்கறேன்."

அவர் புரியாமல்தான் எழுந்தார். அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். சுவரில் ஆணி அடித்த ஓட்டை ஒன்று இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் இன்னும் குச்சியை எடுக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தாள்.

"தட்டுங்க சார்."

பதில் இல்லை. திரும்பினாள். அவர் ஒரு கையில் கோப்பையும் ஒரு கையில் குச்சியுமாக, முகம் வெளிறி நின்றார்.

"மூணு தடவை தட்டிட்டேன்மா," என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததில் யாரையும் குறை சொல்ல முடியாது. போர்மேன் மேலே பேசி அவன் வேலையைக் காப்பாற்றிக் கொடுத்தார். ஆனால் வலது கையில் இரண்டு விரல்கள் மடங்க மறுத்துவிட்டன. சக்கரத்தில் கோப்பை பிடிக்கிற விரல்கள். இனி வெட்டுவது நடக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் கட்டு அவிழ்ந்ததும் வாசலில் லாரி எண்ணுகிற வேலை. அவளுக்குப் பழைய கழுவுமிடம். அவள் நாற்காலியில் சிரிப்பழகியை உட்கார வைத்தார்கள்; சோதித்துப் பார்த்ததில் அவள் காதுதான் நல்ல காது. குச்சியைக் கையில் வாங்கியபோது அந்தப் பெண் சிரிக்கவில்லை. "அக்கா, நான் இதைக் கேக்கவே இல்லக்கா" என்று அழுதுவிட்டாள். கடைசி பஸ்ஸில் போவது அம்மாவுக்கு டயாலிசிஸ் நடக்கிற ஆஸ்பத்திரிக்கு என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. காதம்மா அவள் கண்ணைத் துடைத்துவிட்டுக் கழுவுமிடத்துக்குப் போனாள். அங்கே அவளை இனி எப்படிக் கூப்பிடுவது என்று யாருக்கும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமியார் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தாள். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவன் சமையலறை முக்காலியில் உட்கார்ந்திருந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு இரண்டு பேரும் சோறு, மருந்து, தூக்கம் தவிர வேறு பேசவில்லை. அவள் நாற்காலியை விட்டது அவனுக்குத் தெரியும். எதற்காக என்றும் தெரியும். ஆனால் ஆளுக்கொரு பக்கம் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

அவள் அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஜோடிக் கோப்பையை இறக்கினாள். கழுவித் துடைத்தாள். துடைக்கும்போது ஒன்றின் காம்படியில் நகம் எதிலோ மாட்டியது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். மயிரிழை. எப்போது விழுந்ததோ. அவனிடம் சொல்லவில்லை. அந்தக் கோப்பையை அவன் முன்னால் வைத்து, கரண்டிக் காம்பால் விளிம்பில் தட்டினாள்.

"எப்படி இருக்குங்க?"

அவன் முகத்தை அவள் பக்கம் திருப்பிக்கொண்டான். வாயை அகலமாகத் திறந்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

"நல்லா இருக்கு. மணி மாதிரி அடிக்குது."

அவள் அவனுடைய இடது கையைப் பிடித்து, ஆள்காட்டி விரலைக் கோப்பையின் அடியில் அந்த இழையின்மேல் வைத்து அழுத்தினாள். கண்ணாடி வெட்டின விரலுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவன் தலை குனிந்தது.

"எத்தனை நாளாத் தெரியும் உங்களுக்கு?"

"குருவி கத்தறப்போ நீ ஜன்னல் பக்கம் திரும்பறதை நிறுத்தினியே, அப்போலேர்ந்து."

"ஏன் கேக்கல?"

"நீயே வந்து சொல்லுவேன்னு இருந்தேன். நீ சொல்லல. சொல்ல முடியல உன்னால, அந்த நாற்காலி மேல உனக்கு உசுரு. சரி, என்னால முடிஞ்ச வரைக்கும் போகட்டும்னு..." அவன் நிறுத்தினான். "தப்புப் பண்ணிட்டேன்."

"நான் உங்களை அமிலத்துல தள்ளினேன். நீங்க தப்புப் பண்ணினீங்களா."

வெளியே யாரோ சைக்கிளைச் சாத்துகிற சத்தம் அவளுக்குக்கூடக் கேட்டது.

"இனிமே எனக்காக எதையும் நல்லா இருக்குன்னு சொல்லாதீங்க," என்றாள் அவள். "இது என்ன, சொல்லுங்க."

அவன் விரலை அந்த இழையிலிருந்து எடுத்தான். "ஊமை," என்றான்.

அவள் அதைத் தள்ளி வைத்துவிட்டு, மற்றதை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"இதை நான் தட்டறேன். சத்தம் இருக்கிற வரைக்கும் கையைத் தூக்கி வச்சிருங்க. அடங்கினதும் இறக்கிடுங்க."

தட்டினாள். மரக்குண்டு இல்லாததால் கரண்டியின் மொட்டைச் சத்தம் மட்டும் அவளுக்கு வந்து, போயிற்று. அவன் கட்டுப் போட்ட வலது கையைத் தூக்கினான். கை நின்றது. அவள் அந்த வெள்ளைக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த அளவுக் கோப்பை, இந்தத் தடிமன், இத்தனை ஆழ வெட்டு. இது எப்படித் தொடங்கும், எங்கே மெலியும், முடிந்தது என்று நினைக்கும்போது எவ்வளவு மிச்சம் வைக்கும் என்று அவளுக்குள் எழுதி வைத்த மாதிரி இருந்தது. அந்தப் பழைய சத்தத்தை உள்ளுக்குள் ஓடவிட்டாள். மெலிந்தது. இன்னும் மெலிந்தது. கடைசி இழை அவள் நினைவில் அறுந்த இடத்தில், சரியாக அந்த இடத்தில், அவன் கை மெதுவாக மடிக்கு இறங்கியது.

ஒரு நொடிகூட அவன் கூட்டிச் சொல்லவில்லை.

அவள் மறுபடியும் தட்டினாள்.